என் கையெழுத்து மட்டும் பாக்கி

அப்பு,

நேற்றுக் காலையில் நீ என் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாய். சட்னியில் காரம் தூக்கலாக இருக்கிறது என்றாய். கோயம்புத்தூருக்கு எந்தப் பெட்டியை எடுத்துப் போவது என்று கேட்டாய். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. நான் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே என் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், நம் 'கிணத்துமுறை' செயலியின் பேச்சுப் பக்கத்தில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கிற இடத்தில், நீ எழுதி வைத்திருக்கிறாய்: "லைசென்ஸை மாற்ற எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அம்மாவின் சம்மதம் மட்டும் பாக்கி." பெற்றவளிடம் நேரில் கேட்க உனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு சரி என்று சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நல்லது. நீ ஊரறியக் கேட்டாய், நானும் ஊரறியவே பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பத்திரம் எழுதிப் பழகிய கைக்குச் சுருக்கமாக எழுத வராது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் இந்தப் பக்கத்துக்கு யார் யாரோ வருவார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். திண்டுக்கல்லைச் சுற்றி, அகரம் பக்கமும் தாடிக்கொம்பு பக்கமும், பல கிணறுகள் பங்குக் கிணறுகள். ஒரு கிணறு, ஒரு மோட்டார், நாலைந்து பங்காளிகள். இன்று ஒருவர் இறைத்தால் நாளை இன்னொருவர். அதற்குப் பெயர் முறை. கரண்ட் பாதியில் போய்விட்டால் மிச்ச நேரம் யாருக்கு, ஊற்று வற்றினால் யாருடைய நேரம் சுருங்கும், ஒரு பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அன்றைய தண்ணீர் யாருக்கு என்பதெல்லாம் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு மாதிரி. மண்டை உடைவதும் இதனால்தான், என் கடைக்குப் பத்திரம் திருத்த ஆள் வருவதும் இதனால்தான். காந்திகிராமத்துக்கு ஒரே பஸ்ஸில் படிக்கப் போய்வந்த நீயும் ரசியாவும் முரளியும், அன்றைக்கு யார் முறை என்று பங்காளிகள் எல்லோருக்கும் போனில் காட்டுகிற ஒரு செயலியை எழுதினீர்கள். நம் வீட்டு மாடியில்தான் எழுதினீர்கள். பிறகு முகம் தெரியாத வெளியூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். யாரும் சம்பளம் வாங்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதை வெளியே விடுகிற சமயத்தில் என்ன லைசென்ஸ் போடுவது என்று மூன்று பேரும் என் கடைக்கு வந்தீர்கள். ரசியா இரண்டை அச்செடுத்து வந்திருந்தாள். ஒன்று, எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள், எங்கள் பெயரை மட்டும் அழிக்காதே என்றது. இன்னொன்று, எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், ஆனால் நீ மாற்றி எழுதியதையும் இதே நிபந்தனையோடு எல்லோருக்கும் திறந்துவிடு என்றது. நான் ஆயுசு பூராவும் பத்திரம் எழுதுகிறவள். என் தொழிலில் நிபந்தனை என்றாலே வில்லங்கம். பத்திரத்தில் ஒரு 'ஆனால்' இருந்தால் வாங்க வந்தவன் எழுந்து போய்விடுவான். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் சொன்னேன்: "குடுக்குறதுன்னா முழுசாக் குடுங்கப்பா. பின்னால ஒரு கொக்கிய மாட்டிக் குடுக்குறது என்ன குடுத்தது?" ரசியா முகம் சுருங்கியது. முரளிதான் துள்ளினான். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். பத்திரத்துல அவங்களுக்குத் தெரியாததா?" என்றான். முதல் லைசென்ஸையே போட்டீர்கள். பத்திர எழுத்தர் புத்தியை அங்கே கொண்டுபோய் வைத்தது என் தப்பு, அதை நான் எந்தச் சபையிலும் சொல்லத் தயார். ஆனால் அந்தத் தப்பைப் பார்த்துத் துள்ளியவனை நான் மறக்கத் தயாராக இல்லை.

அதன்பின் முரளி கொஞ்ச நாள் வரவில்லை. வந்தபோது கம்பெனிக்காரனாக வந்தான். வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகளைக் கூட்டி, மேடையில் நின்று, 'கிணத்துமுறை'க்கு வேறு நிறம் அடித்து வேறு பெயர் வைத்துக் காட்டினான். நீ வர மாட்டேன் என்றுவிட்டாய், நானும் ரசியாவும் போயிருந்தோம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எழுதிய உங்கள் எல்லோர் பெயரும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். செயலிக்குள் எங்கோ ஒரு மூலையில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் கிட்டே போனேன். "வாங்க மேடம்" என்றான். என் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து, வெஞ்சனம் என்ன என்று சட்டியைத் திறந்து பார்த்தவன் என்னை மேடம் என்கிறான். "ஏலே, இது நம்ம பிள்ளைக எழுதுனதுல்ல?" என்றேன். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "லைசென்ஸ்ல என்ன இருக்கோ அதத்தான மேடம் செஞ்சிருக்கோம். எழுதச் சொன்னதே நீங்கதான." நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில்தான் இருக்கிறது. நீ அங்கே இல்லை என்பதால்தான் உன்னால் இவ்வளவு பெரிய மனசோடு பேச முடிகிறது.

சரி, என் மானம் போனது போகட்டும். அகரம் பாண்டியம்மாவுக்கு என்ன பதில்? ஒரு பங்குக் கிணற்றில் அவளுக்கும் முறை உண்டு, அதை நம்பிச் சம்பங்கி போட்டிருந்தாள். அந்தக் கிணற்றுப் பங்காளிகள் எல்லோரும் முரளியின் செயலிக்கு மாறினார்கள். அவளுக்குச் சந்தா கட்டத் தவறிவிட்டது. சந்தா கட்டாதவர்களின் முறையை அவன் செயலி 'காலி' என்று காட்டும். நல்ல கோடையில் அவள் முறை காலி என்று மற்றவர்கள் போனில் காட்ட, அவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. "போன்ல காலின்னு காட்டுச்சேக்கா" என்கிறார்கள். மறுபடி மறுபடி இதுவே நடந்து, செடி கருகிய பிறகுதான் அவளுக்கு விஷயமே புரிந்தது. முரளியை அவளுக்குத் தெரியாது, உன்னைத்தான் தெரியும். நேரே என் கடைக்கு வந்தாள். பத்திரம் எழுத வந்தவர்கள் முன்னால் நின்று கேட்டாள்: "ஒங்க மகன் எழுதுனதுதான? என் தண்ணிய எடுத்து அடுத்தவனுக்குக் குடுத்துருச்சே. நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா?" நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் போனாள். முரளிக்குப் போன் போட்டேன். "அது எங்க பாலிசி மேடம்" என்று வைத்துவிட்டான். அன்றைக்கு வயிறு எரிந்தது பார், அது இன்னும் அணையவில்லை. அணைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் இரண்டாவது பதிப்பை அடியிலிருந்து எழுதத் தொடங்கியபோது நான் ரசியாவிடம் ஒன்று கேட்டேன். இதுவரை உனக்குச் சொன்னதில்லை. "லைசென்ஸ்ல ஒரு வரி சேத்துரும்மா. இதை யாரு வேணாலும் எடுத்துக்கலாம், முரளியும் அவன் கம்பெனியும் தவிரன்னு" என்றேன். அந்த வரியை நல்ல பத்திரத் தமிழில், அவன் அப்பா பெயர், ஊர், விலாசம் எல்லாம் போட்டு எழுதியே வைத்திருந்தேன். ரசியா வாசித்துவிட்டுச் சிரித்தாள். "சூப்பராத்தான் இருக்கும்மா. ஆனா ஆள் பேரச் சொல்லி ஒதுக்குனா அது ஓப்பன் சோர்ஸே இல்ல. எல்லாருக்கும்னா அவனுக்கும்தான்" என்றாள். எனக்கு ஆத்திரம். அவன் தின்ன நாம் ஏன் சமைக்க வேண்டும் என்றேன். "திங்கட்டும்மா. அவன் சட்டியையும் தொறக்கணும், அம்புட்டுத்தான்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த இரண்டாவது லைசென்ஸை வரி வரியாகப் படித்தேன். அதிலும் சாதாரணமானது போதாது, செயலியைத் தன் சர்வரிலேயே வைத்து ஓட்டிவிட்டு 'நான் யாருக்கும் பிரதி கொடுக்கவில்லையே' என்று நழுவப் பார்ப்பான் என்று சொல்லி, அந்த ஓட்டையையும் அடைக்கிற லைசென்ஸை அவள் தேடிக் கொண்டுவந்தாள். முரளியைத் தடுப்பதைவிட அவன் கதவைத் திறக்கவைப்பது எவ்வளவு இனிப்பான பழி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வரியைக் கிழித்துப்போட்டேன், அவள் கொண்டுவந்த லைசென்ஸையே இரண்டாம் பதிப்புக்குப் போட்டீர்கள்.

அந்தப் பதிப்புக்கு நானும் எழுதினேன். கடையில் நான் கிளறாத கிணற்றுப் பத்திரம் இல்லை. ஒவ்வொரு கிணற்றின் வழக்கமும் அவற்றில் இருந்தது. கரண்ட் போனால் மிச்சம் நாளைக்குச் சேருமா சேராதா, ஒரு முறை என்பது விடியலுக்கு விடியலா பொழுது சாய்வதற்குள்ளா, சாவு வீட்டு முறையை யார் எடுப்பது, எடுத்தால் திருப்பித் தர வேண்டுமா என்று கேள்வி கேள்வியாகப் பிரித்து, எந்தக் கிணற்றுக்காரரும் தங்கள் வழக்கத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும்படி எழுதினேன். அதை ஏற்றுவதற்கு ரசியா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். என் பெயரில், என் கையால் ஏற்றினேன். அவரவர் எழுதியது அவரவருக்கே சொந்தம் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தீர்கள். பாகப்பிரிவினை ஆகாத குடும்பச் சொத்து மாதிரி, லைசென்ஸை மாற்ற எல்லோர் கையெழுத்தும் வேண்டும். என் கடைக்கு ஆள் பதறிக்கொண்டு வருவதே இதற்குத்தான்: அண்ணன் தம்பி எல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று, எங்கோ கட்டிக்கொடுத்த ஒரு அக்கா மட்டும் மாட்டேன் என்கிறாள், பத்திரம் நிற்கிறது. அந்த அக்காக்களை எத்தனையோ பேருக்காக நான் சமாதானம் செய்து கூட்டி வந்திருக்கிறேன். இப்போது அந்த அக்கா நான்தான்.

ஏனென்றால் முரளி இப்போது தவிக்கிறான். எல்லாக் கிணற்றுக்கும் ஒரே விதியைப் போட்டு, கரண்ட் போனால் முறையும் போச்சு என்று வைத்தான். பங்காளிகள் அவன் ஆட்களை ஊருக்குள் விட மறுக்கிறார்கள். நம் இரண்டாம் பதிப்பு அவனுக்கு வேண்டும். ஆனால் தன்னுடையதைத் திறக்க மாட்டான். அதனால் பழைய லைசென்ஸுக்கே மாற்றிவிடுங்கள் என்று இனிக்க இனிக்க எழுதியிருக்கிறான், சுதந்திரம் என்ற வார்த்தையைப் பத்து இடத்தில் போட்டு. கோயம்புத்தூரில் தன் கம்பெனியில் உனக்கு வேலை கொடுத்திருக்கிறான். லைசென்ஸ் மாறிய பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று வேலை ஆர்டரில் எழுதவில்லை, போனில் சொல்லியிருக்கிறான். வேலை உறுதியானால்தான் பெண் வீட்டில் தேதி குறிப்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஏன் சம்மதித்தார்கள் என்பதும் தெரியும். ரசியாவிடம் கேட்டேன். "எனக்கு இது புடிக்கவே இல்லம்மா. ஒங்க மகன் கல்யாணம் நிக்கக்கூடாதுன்னுதான் சரின்னேன்" என்றாள். கண்ணால் பார்க்காத பிள்ளைகள்கூட உன் முகத்துக்காகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மனசு பெரிசு. எனக்கு அவ்வளவு பெரிசு கிடையாது.

போன மாதம் முரளி பேச்சு வந்தபோது நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாய். "பழிவாங்குறதுக்கா லைசென்ஸ்மா?" என்றாய், நான் ஏதோ கேவலமான காரியம் செய்கிற மாதிரி. உன் சித்தப்பாவும் இதையேதான் ஒருநாள் கேட்டான். உன் அப்பா தன் தம்பி மேல் இருந்த பாசத்தில், கிணற்றுக்குப் போகிற பாதை இருந்த நிலத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் அவனுக்கு எழுதிக் கொடுத்தார். எழுதியது நான்தான், வில்லங்கமில்லாமல் சுத்தமாக எழுதினேன். அவன் அடுத்த வருஷமே கம்பி வேலி போட்டுக் கதவுக்குப் பூட்டும் போட்டான். உன் அப்பா வீங்கின முழங்காலோடு வரப்பு வரப்பாகச் சுற்றி மோட்டார் ரூமுக்குப் போனார். "விடு, தம்பிதான" என்பார். நான் விடவில்லை. அவர் போன பிறகு உன் சித்தப்பா அந்த நிலத்தை விற்கப் பார்த்தான். கிணற்றுக் கரண்ட் இணைப்பில் தனக்கும் உரிமை வேண்டும் என்று வாங்குகிறவன் கேட்டான். அந்த இணைப்பு உன் அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு வந்திருந்தது. உன் சித்தப்பா வாழைப்பழத் தாரும் சீனி மிட்டாயுமாக என் கடைக்கு வந்தான். அந்தப் பாதை எல்லாப் பங்காளிக்கும் பொது, அவர்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் பொது, யாரும் அடைக்கக் கூடாது, இனி யார் வாங்கினாலும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதினால்தான் என் கையெழுத்து என்றேன்.

"மதினி, இது பழி" என்றான்.

"ஆமாப்பா, பழிதான். எழுதுறியா, கெளம்புறியா?" என்றேன்.

எழுதினான். அன்றைக்குச் சாயங்காலம் வேலியைப் பிரிக்கும்போது நான் அங்கேயே நின்று பார்த்தேன். செத்த நேரம் இல்லை, கடைசிக் கம்பி சுருட்டுகிற வரைக்கும் நின்றேன். இன்று அந்தப் பாதையில் யார் யாரோ வண்டி ஓட்டிப் போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். நான் உன் சித்தப்பா மேல் கொண்ட ஆத்திரத்தில் திறந்த பாதை என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நல்ல மனசோடு உன் அப்பா கொடுத்தது அடைபட்டது. கெட்ட மனசோடு நான் கேட்டது திறந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

அதனால் இது முழுக்கப் பாண்டியம்மாவுக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக. முரளி தன் கதவைத் திறந்து, அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்தப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிற நாளில் நான் அதை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 'சந்தா கட்டவில்லையா, முறை காலி' என்ற அந்த வரியை எந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று தேடி எடுத்து, உலகம் பார்க்க நீக்க வேண்டும். அதற்காக ஒரு நல்ல சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், கட்டாமல். இந்த வயதில் இது என்ன ஆசை என்று கேட்பாய். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை இல்லை.

என் பகுதியை எடுத்துவிட்டு நீங்களே புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். தாராளமாக. என்னுடையதைப் பார்க்காமல் எழுதுங்கள். அதற்குள் முரளிக்கு எத்தனை கோடை போகிறதோ போகட்டும். என்னைத் தள்ளிவிட்டு எழுதலாம் என்று முதலில் சொன்னவன் நீயாக இல்லாமல் போனதில் எனக்குச் சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நன்றாகக் கேள். நம் இரண்டாம் பதிப்பை ஓட்டுவதற்கு முரளிக்கு என் கையெழுத்து தேவையே இல்லை. இன்றைக்கே, இதைப் படித்து முடித்த உடனே எடுத்துக்கொள்ளலாம். விற்கலாம், சம்பாதிக்கலாம், கார் வாங்கலாம். தான் சேர்த்ததைத் திறந்து வைத்தால் போதும், என்னைக் கேட்க வேண்டாம். மூடி வைப்பதற்கு மட்டும்தான் என் கையெழுத்து வேண்டும். அதை நான் போடப் போவதில்லை. நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கும் சம்மதிக்க மாட்டேன், உன் கல்யாணப் பந்தலில் நின்று கேட்டாலும் மாட்டேன். கோபம் வரும். வந்து கத்து, நான் சோறு போட்டுவிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பெண் வீட்டாரிடம் நானே போய்ப் பேசுகிறேன், கெடுத்தவள் நான்தான் என்று சொல்கிறேன்.

உனக்கு ஒரே ஒரு வேலை வைக்கிறேன். திங்கட்கிழமை முரளிக்குப் போன் போடு. அம்மா மறுத்துவிட்டாள், மனசு மாற மாட்டாள் என்று சொல். சொல்லிவிட்டு, நான் வேலைக்கு வரட்டுமா என்று மட்டும் கேள். உன் மூளைக்காகத்தான் அவன் உன்னைக் கூப்பிட்டான் என்றால் வா என்பான், நானே உன் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம். நீ காதால் கேட்டால் போதும்.

அம்மா